காலி பாட்டிலிலிருந்து டம்ளர்: ஒகினாவாவின் ஊதுகண்ணாடி முறை

1945-ல் போர் முடிந்தபோது ஜப்பானின் தென்கோடியில் உள்ள ஒகினாவாவில் கண்ணாடிப் பட்டறைகள் அழிந்து கிடந்தன. மணலும் சோடாவும் வாங்க வழியில்லை. அமெரிக்க ராணுவ முகாம்களிலிருந்து வெளியே வந்த கோகோ கோலா பாட்டிலும் பீர் பாட்டிலும்தான் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. அவற்றை உடைத்து, உருக்கி, ஊதினார்கள். பழைய பாட்டிலை உருக்கினால் குமிழி வரும், லேசான நிறம் வரும், மெல்லியதாக இழுக்கவும் முடியாது. அதனால் தடிமனாகச் செய்தார்கள், குமிழியை அழகாக்கினார்கள், பாட்டிலின் நிறத்தையே பொருளின் நிறமாக வைத்துக்கொண்டார்கள். இன்று ரியூக்யூ கண்ணாடி என்று உலகம் அறிவது இதைத்தான். 1998-ல் ஒகினாவா மாகாண அரசு இதை மரபுக் கைவினையாக அறிவித்தது. நாஹா நகரில் 1952-ல் தொடங்கிய ஒகுஹாரா பட்டறை இன்றும் பழைய ஜன்னல் கண்ணாடியையும் பாட்டிலையும் உருக்குகிறது. மற்ற பல பட்டறைகள் புது மணல் கலவைக்கு மாறிவிட்டன.

இங்கே சொல்வது பாட்டிலை உருக்கும் வழி மட்டும். சரியான உலையும், அனுபவமுள்ள ஒருவர் துணையும் இருக்கும் இடத்தில் செய்ய வேண்டிய வேலை இது. மொட்டைமாடியில் அடுப்பு வைத்துச் செய்து பார்க்கும் வேலை அல்ல.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஊதத் தெரியாமல் வீணாகும் பொருள் குறைவு. பாட்டிலைத் தரம் பிரிக்காமலும், செய்ததை அவசரமாக ஆற வைத்தும் வீணாவதுதான் அதிகம். இந்த இரண்டு வேலைக்கும் பார்வையாளர்கள் யாரும் கைதட்டுவதில்லை. ஆனால் டம்ளர் ஒரு வருடம் கழித்தும் முழுசாக இருக்குமா என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

பாட்டிலைப் பிரித்தல்

பாட்டில் கண்ணாடி எல்லாமே சோடா, சுண்ணாம்பு சேர்ந்த கண்ணாடிதான். ஏறக்குறைய 72% சிலிக்கா, 13% சோடா, 10 அல்லது 11% சுண்ணாம்பு, கொஞ்சம் அலுமினா. ஆனால் ஒவ்வொரு தொழிற்சாலையும் இந்த அளவைச் சிறிது மாற்றி வைக்கும். அந்தச் சிறு மாற்றமே சூட்டில் விரியும் அளவையும் ஆறும்போது சுருங்கும் அளவையும் மாற்றிவிடும். இரண்டு வகைக் கண்ணாடி ஒரே பொருளில் அடுக்கடுக்காக இருந்தால், ஆறும்போது ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் சுருங்கி ஒன்றையொன்று இழுக்கும். அன்றே உடையலாம், மூன்று மாதம் கழித்து அலமாரியில் நின்றபடியும் உடையலாம்.

அதனால் ஒரு மூசைக்கு, அதாவது கண்ணாடியை உருக்கும் மண்கலத்துக்கு, ஒரே வகைப் பாட்டில் என்பதே பாதுகாப்பான விதி. ஒரே நிறுவனத்தின் ஒரே பானம், ஒரே அளவு. ஒகினாவாவில் அவாமோரி என்னும் அரிசிச் சாராயப் பாட்டிலிலிருந்து இளநீலமும், பீர் பாட்டிலிலிருந்து பழுப்பும், குளிர்பானப் பாட்டிலிலிருந்து பச்சையும் எடுப்பார்கள். ஒவ்வொன்றும் தனி மூசையில்.

இரண்டு வகையைக் கலந்தே ஆக வேண்டும் என்றால், உருகிய நிலையில் நன்றாகக் கலக்கி ஒரே கண்ணாடியாக்கினால் பெரும்பாலும் பிழைக்கும். ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசினால் பிழைக்காது. சேருமா சேராதா என்று பார்க்க எளிய வழி இழைச் சோதனை. இரண்டு வகையிலும் விரல் நீளத் துண்டு ஒன்று எடுத்து, பக்கவாட்டில் ஒட்டியபடி டார்ச் சுடரில் உருக்கி இணையுங்கள். இணைந்த இடத்தைச் சூடாக்கி, இடுக்கியால் மெல்லிய இழையாக அரை மீட்டர் இழுங்கள். ஆறியபின் இழை நேராக நின்றால் இரண்டும் ஒத்துப்போகும். வில்லாக வளைந்தால் போகாது. வளைவின் உட்பக்கம் இருப்பதுதான் அதிகம் சுருங்கும் கண்ணாடி.

சேர்க்கவே கூடாதவை:

- அடுப்பில் வைக்கும் போரோசிலிகேட் பாத்திரமும் ஆய்வகக் குடுவையும். இவை விரியும் அளவு பாட்டிலில் பாதிக்கும் குறைவு. முழுதாகக் கரையாமல் வரிவரியாக நின்று விரிசலிடும்.
- பீங்கான், மண்பாண்டத் துண்டு. ஒரு நகக்கண் அளவு விழுந்தாலும் உருகாது. வெள்ளைக் கல்லாக டம்ளர் சுவரில் உட்காரும்.
- ஈயம் கலந்த கிரிஸ்டல், பழைய டிவி திரை, டியூப்லைட், பல்ப்.
- முகம் பார்க்கும் கண்ணாடி. பின்பூச்சு கெடுத்துவிடும். கார் முன்கண்ணாடியும் வேண்டாம், நடுவில் பிளாஸ்டிக் படலம் இருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கள்ளத்தனமானது அலுமினியம். திருகு மூடியைக் கழற்றிய பிறகும் கழுத்தில் ஒரு மெல்லிய வளையம் தங்கும். அது மூசைக்குள் போனால் கண்ணாடியிலிருக்கும் சிலிக்காவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு, சிலிக்கானைச் சின்னச் சின்ன சாம்பல்நிற மணிகளாக ஒதுக்கிவிடும். அந்த மணி கண்ணாடி அளவுக்குச் சுருங்காது. ஒவ்வொரு மணியைச் சுற்றியும் நட்சத்திரம் போல விரிசல் கிளம்பும். ஆகவே ஒவ்வொரு பாட்டில் கழுத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். வளையம் இருந்தால் குறடால் வெட்டி எடுங்கள்.

கழுவி, உலர்த்தி, உடைத்தல்

வெந்நீரில் சலவைச் சோடா போட்டு ஓர் இரவு ஊறவைத்தால் காகிதமும் பசையும் கழன்று வரும். மிச்சமிருக்கும் பசையைச் சுரண்டுங்கள். பசை, சர்க்கரை, காகிதம் எல்லாம் உலைக்குள் கரியாகும். கரி குமிழியை விடும், தெளிந்த கண்ணாடிக்கு மஞ்சள் சாயையும் ஏற்றும்.

பிறகு முழுமையாக உலர வேண்டும். ஈரமான துண்டு உருகிய கண்ணாடிக்குள் விழுந்தால் நீர் ஒரு நொடியில் ஆவியாகி, சூடான கண்ணாடியை மேலே தெறிக்க வைக்கும். மழைக்காலமென்றால் உலைக்குப் பக்கத்தில் இரும்புத் தட்டில் பரப்பி ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

தடித்த சாக்கிலோ மூடிய இரும்புப் பெட்டியிலோ வைத்து உடைக்கவும். கண்ணுக்குக் கவசம், மூக்குக்குத் தூசி முகமூடி, கைக்குத் தோலுறை. துண்டு 2 முதல் 4 செ.மீ. இருந்தால் போதும். பொடியாக்கினால் சீக்கிரம் உருகும் என்று நினைக்கத் தோன்றும். பொடிக்குள் அடைபட்ட காற்று எல்லாம் ஊசிமுனைக் குமிழிகளாக நின்றுவிடும். பொடியைச் சல்லடையில் சலித்து ஒதுக்குவதே நல்லது. இரும்புச் சுத்தியலால் உடைத்தால் கடைசியில் ஒரு காந்தத்தை மேலே ஓட்டி எடுங்கள்.

மூசையும் உருக்குதலும்

40 கிலோ பிடிக்கும் தீமண் மூசையை எடுத்துக்கொள்வோம். புது மூசையை மணிக்கு 50 டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது, அதிலும் 500 முதல் 650 வரை இன்னும் நிதானம் வேண்டும். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென்று பருக்கும். அந்த இடத்தில் அவசரப்பட்டால் மூசை கீறிக்கொள்ளும். ஒருமுறை சூடான மூசையை அணைத்து மறுபடி ஏற்றுவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். கண்ணாடிப் பட்டறை உலை இரவு பகலாக எரிவது இதனால்தான்.

உலை 1300 டிகிரியைத் தொட்டபின் முதல் 8 அல்லது 10 கிலோவைப் போடுங்கள். அது உருகிச் சமமானபின் அடுத்த அடுக்கு, ஏறக்குறைய ஒரு மணிக்கு ஒருமுறை. மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் உலைச் சூடு இறங்கிப்போகும், நடுவில் உருகாத மேடு நிற்கும்.

நிரம்பியபின் 1300 முதல் 1350 வரை நான்கைந்து மணி நேரம் விட்டுவிட வேண்டும். இது குமிழி ஏறும் நேரம். ஒரு குமிழியின் விட்டம் இரட்டித்தால் அது மேலே ஏறும் வேகம் நான்கு மடங்காகும். பெரியவை சீக்கிரம் வெளியேறும், பொடிக் குமிழிதான் பிடிவாதமாக நிற்கும். பழைய வழி ஒன்று உண்டு. நீண்ட இரும்புக் கம்பி முனையில் ஒரு பச்சை உருளைக்கிழங்கைக் குத்தி, மூசையின் அடிவரை அழுத்துவார்கள். கிழங்கின் நீர் ஆவியாகிப் பெரிய கொப்புளங்களாக எழும்பும். அவை பொடிக் குமிழிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேலே வரும், கண்ணாடியும் கலங்கி ஒன்றாகும். ஈரத் துண்டு மேற்பரப்பில் விழுந்து தெறிப்பதும், கிழங்கு அடியில் அமுங்கி மெதுவாகக் கொதிப்பதும் வேறு வேறு. ஆனாலும் மூசை முக்கால் அளவுக்கு மேல் நிரம்பியிருந்தால் இதைச் செய்யாதீர்கள். செய்யும்போது முகக் கவசம் கட்டாயம்.

மறுநாள் காலையில் சூட்டை 1150 டிகிரிக்கு இறக்கினால் ஊதும் பதம் வரும்.

பழுப்பு பாட்டில் தனிக் கவனம் கேட்கும். அதன் நிறம் இரும்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த ஒரு கூட்டு. காற்று அதிகமாகப் புகும் சுடரில் நெடுநேரம் வைத்தால் கந்தகம் எரிந்து, பழுப்பு வெளுத்து மஞ்சள்பச்சையாகிவிடும். பழுப்பைத் தெளிந்த பாட்டிலோடு கலந்தால் இன்னொரு தொல்லை: இரண்டிலும் கந்தகம் வேறு வேறு வடிவில் இருக்கும். சேர்ந்தவுடன் வாயு கிளம்பி, பால் பொங்குவது போல மூசையில் நுரை பொங்கும். பாதி மூசைக்கு மேல் நிரப்பியிருந்தால் வழிந்து உலைத் தரையைக் கெடுக்கும்.

நிறம் சேர்க்க வேண்டுமென்றால் தெளிந்த பாட்டிலில் சேர்க்கவும். கோபால்ட் ஆக்சைடு 0.1% போதும், 40 கிலோவுக்கு 40 கிராம், ஆழ்ந்த நீலம். தாமிர ஆக்சைடு 1 முதல் 2% வரை போட்டால் ஆழமற்ற கடலின் நீலப்பச்சை வரும். சுடரில் காற்று குறைந்தால் தாமிரம் செம்பழுப்பாகக் கலங்கிப்போகும். இந்தப் பொடிகளை மூச்சில் இழுக்கக் கூடாது. கண்ணாடித் துண்டுகளோடு சேர்த்து மூடிய டப்பாவில் குலுக்கி, பிறகு உலையில் போடுங்கள்.

பாட்டில் கண்ணாடி கையில் சீக்கிரம் இறுகும். பாட்டில் தொழிற்சாலையின் இயந்திரம் நிமிடத்துக்குப் பல பாட்டில் தள்ள வேண்டும், அதற்காகவே அப்படிக் கலந்திருப்பார்கள். வெல்லப்பாகில் இளம்பதத்திலிருந்து கெட்டிப் பதத்துக்குப் போகிற இடைவெளி எவ்வளவு குறுகியதோ, இதற்கும் அவ்வளவுதான். கொஞ்சம் நேரம் வாங்க, 40 கிலோவுக்கு 1 கிலோ சோடா சாம்பல் சேர்ப்பது வழக்கம். சேர்த்தபின் அது வேறு கண்ணாடி, விரியும் அளவும் கூடிவிடும். சோடா சேர்த்ததையும் சேர்க்காததையும் ஒரே பொருளில் பூசக் கூடாது.

கைக்கு வேண்டியவை

ஊதுகுழல் 130 முதல் 150 செ.மீ. நீளம், ஜப்பானியில் ஃபுகிசாவோ. அடியைப் பிடிக்கும் கம்பி போன்தே. வாயை விரிக்கவும் கழுத்தை இறுக்கவும் உதவும் பெரிய இரட்டை அலகு இடுக்கி. வெட்டக் கத்தரி, உருட்ட இரும்புப் பலகை, அடியைத் தட்டையாக்க மரத்தட்டு, இரண்டு பக்கமும் தண்டவாளம் போன்ற கைப்பிடி வைத்த பெஞ்ச், வேலைக்கு நடுவே சூடேற்ற 1200 டிகிரி வாக்கில் எரியும் திறந்த வாய் உலை.

கமிரின் என்று ஒன்று உண்டு, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். செய்தித்தாள் எட்டுப் பத்துத் தாளை உள்ளங்கை அளவுக்கு மடித்து, நன்றாக நனைத்து, அதன் மேல் உருகிய கண்ணாடியை வைத்து உருட்டுவார்கள். ஈரம் ஆவியாகிக் காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மெத்தை விரிக்கும், அதனால் கை சுடாது. பளபளப்புத் தாள் வேண்டாம், மை படிந்து உரியும். ஓரம் காய்ந்து கருகத் தொடங்கினால் உடனே நனைக்க வேண்டும். ஒரு மடிப்பிலேயே இரண்டு மூன்று நாள் ஓட்டலாம்.

பருத்தித் துணி மட்டும் உடுத்துங்கள். நைலான் உருகித் தோலில் ஒட்டும். கண்ணாடித் தொழிலில் போடும் இளஞ்சிவப்பு டிடிமியம் மூக்குக்கண்ணாடி சோடியத்தின் மஞ்சள் ஒளியைத்தான் மறைக்கும், உலையின் அகச்சிவப்பு வெப்பத்தை மறைக்காது. இரண்டையும் தடுக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு டம்ளர்

8 செ.மீ. விட்டம், 10 செ.மீ. உயரம், 4 மி.மீ. சுவர் கொண்ட டம்ளர் ஏறக்குறைய 300 கிராம் எடை வரும். குழலில் ஒட்டி நிற்பதையும் சேர்த்து 400 கிராம் எடுக்க வேண்டும். மூன்று பேர் இருந்தால் வேலை ஓடும்: ஒருவர் உருண்டை எடுக்க, ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து உருவாக்க, ஒருவர் போன்தேயும், செய்ததை ஆற வைக்கும் சூளையின் கதவும் பார்க்க.

குழல் முனையை மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்குங்கள். குளிர்ந்த இரும்பில் கண்ணாடி ஒட்டாது. ரொம்பச் சூடான இரும்பிலோ செதிள் உரிந்து கண்ணாடிக்குள் கரும்புள்ளியாக விழும். முனையை மூசைக்குள் 3 செ.மீ. இறக்கி, இரண்டு மூன்று சுற்று சுற்றி, சுற்றியபடியே வெளியே எடுங்கள். இதுதான் முதல் உருண்டை. இந்த நொடியிலிருந்து பொருள் சூளைக்குள் போகும்வரை சுற்றல் நிற்கவே கூடாது. நின்றால் புவியீர்ப்பு ஒரு பக்கம் இழுத்துவிடும்.

இரும்புப் பலகையில் மெதுவாக உருட்டி வெள்ளரிக்காய் மாதிரி ஆக்குங்கள். ஒரு சிறிய ஊது ஊதிக் குழல் வாயைக் கட்டைவிரலால் மூடினால், அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து தானாகவே உள்ளே குமிழி திறக்கும். அது எலுமிச்சை அளவு வந்ததும் வெளித்தோல் சற்று இறுகும்வரை காத்திருங்கள். பிரகாசமான ஆரஞ்சு மங்கிச் செம்மை தெரிந்தால் இரண்டாம் உருண்டைக்கு நேரம். முந்தினால் மூசைக்குள்ளேயே உட்குமிழி நசுங்கும். பிந்தினால் குளிர்ந்த கண்ணாடிமேல் சூடான கண்ணாடி ஏறி, நடுவே காற்றையும் மடிப்பையும் அடைத்துக்கொள்ளும்.

இரண்டாம் உருண்டையோடு பெஞ்சுக்கு வந்து கமிரினால் வடிவம் கொடுங்கள். உருண்டையின் அடியில் கனம் கூடுதலாக வைக்க வேண்டும். ஊத ஊத மெலிவது சூடான இடம்தான், ஆகவே சுவர் எங்கே மெலியக் கூடாதோ அந்த இடத்தை ஈரத் தாளால் முன்பே குளிரவைத்துவிட்டு ஊதுங்கள். அச்சு இல்லாமல் ஊதினால் சூபுகி, இரும்பு அச்சுக்குள் ஊதினால் கதாபுகி. ஒரே அளவில் ஆறு டம்ளர் வேண்டுமென்றால் அச்சுதான் வழி.

பாட்டில் கண்ணாடி உலைக்கு வெளியே சில சமயம் 20 வினாடிகூடத் தாங்காது. இடுக்கி அலகில் கண்ணாடி வழுக்கிக் கிரீச்சிடத் தொடங்கினால் அது இறுகிவிட்டது என்று பொருள். பலத்தைக் கூட்டாதீர்கள், மறுபடி சூடேற்றுங்கள். பல தடவை குறைந்த நேரம் சூடேற்றுவது, ஒரே தடவை நெடுநேரம் சூடேற்றுவதைவிட நல்லது. நெடுநேரம் வைத்தால் சுவர் தொய்ந்துபோகும்.

குழலிலிருந்து 1 செ.மீ. தள்ளி இடுக்கியால் சுற்றி இறுக்கிக் கழுத்து உண்டாக்குங்கள், கழுத்து 2 செ.மீ. விட்டத்துக்கு ஒடுங்க வேண்டும். மரத்தட்டால் அடியைத் தட்டையாக்கி, நடுவை அரைக்கால் அங்குலம் உள்ளே அழுத்தினால் டம்ளர் ஆடாமல் நிற்கும்.

இனி இடமாற்றம். போன்தேக் கம்பி முனையில் நெல்லிக்காய் அளவு கண்ணாடி எடுத்து, பலகையில் தட்டிச் சற்று ஆறவைத்து, அடியின் நடுவில் ஒட்டவேண்டும். அது கொதிக்கக் கொதிக்க இருந்தால் அடியோடு கலந்து, பிரிக்கும்போது அடியைப் பிய்த்துக்கொண்டு வரும். ரொம்ப ஆறியிருந்தால் நடு வேலையில் டம்ளர் தரையில் விழும். ஒட்டியபின் கழுத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுக் குழலை ஒரு தட்டுத் தட்டினால் டம்ளர் போன்தேயில் நிற்கும், உடைந்த வாய் உங்களைப் பார்க்கும்.

அந்த வாயைச் சூடேற்றி, மேடுபள்ளத்தைக் கத்தரியால் சீவி, மறுபடி சூடேற்றி, இடுக்கி அலகை உள்ளே விட்டு விரியுங்கள். உலைச் சூட்டிலேயே விளிம்பு உருண்டு மழமழப்பாகும். முடிந்ததும் முழுப் பொருளையும் ஒருமுறை மென்மையாகச் சூடேற்ற வேண்டும். விளிம்பு சூடாகவும் அடி ஆறியும் இருக்க, அப்படியே சூளைக்குள் வைப்பது விரிசலை நீங்களே அழைப்பதாகும். வெப்பக் கையுறையில் ஏந்தி, போன்தேயைத் தட்டிப் பிரித்து, அடித் தழும்பை டார்ச்சால் ஒரு கணம் உருக்கிச் சூளைக்குள் வையுங்கள்.

குழலில் ஒட்டி மிஞ்சும் கண்ணாடியை மூசைக்குள் திருப்பிப் போடாதீர்கள். அதில் இரும்புச் செதிள் இருக்கும். தனி டப்பா வையுங்கள்.

குமிழியும் விரிசலும் வேண்டும்போது

முதல் உருண்டையைச் சமையல் சோடா தூவிய தட்டில் லேசாக உருட்டி, அதன் மேல் இரண்டாம் உருண்டை எடுத்தால், சோடா வாயு விட்டு நடுவில் குமிழிப் படலம் பிறக்கும். ஒரு டம்ளருக்குக் கால் டீஸ்பூனே அதிகம். அள்ளித் தூவினால் குமிழி மேல்தோலை உடைத்துக் கூர்ந்த பள்ளமாகும், குடிக்கும் பாத்திரத்தில் அது ஆபத்து. யோமிதான் ஊரின் இனாமினே செய்கிச்சி குமிழிக் கண்ணாடிக்குப் பேர்போனவர். அரிசித் தவிடு, கரி போன்ற எரியும் பொருள்களை உருகிய கண்ணாடியிலேயே சேர்க்கும் வழி அவருடையது. அதற்குத் தனி மூசை வேண்டும். தவிடு போட்ட மூசையில் அன்று தெளிந்த பொருள் எடுக்க முடியாது.

விரிசல் வேலைப்பாட்டுக்கு, ஊதிய குமிழியைச் சிவந்த சூட்டில் ஒரு வாளித் தண்ணீரில் ஒன்று இரண்டு வினாடி முக்கி எடுக்க வேண்டும். மேல்தோல் மட்டும் மீன்வலை போல வெடிக்கும். உடனே சூடேற்றினால் விரிசல் ஓரங்கள் உருகி மூடிக்கொள்ளும், வலைக்கோலம் மட்டும் நிற்கும். மெல்லிய சுவரில் இதைச் செய்தால் விரிசல் உள்வரை ஓடித் தண்ணீர் கசியும். சுவர் 5 மி.மீ. ஆவது இருக்கட்டும். முக்குவது இரண்டாம் உருண்டைக்குப் பிறகு, வாய் திறப்பதற்கு முன்.

ஆற வைத்தல்

கண்ணாடி வெளியிலிருந்து ஆறும். மேல்தோல் இறுகிய பிறகும் உள்ளே சூடு நிற்கும். உள்ளே இருப்பது பின்னால் சுருங்கும்போது, இறுகிய தோல் விட்டுக்கொடுக்காது. அந்த இழுபறி கண்ணாடிக்குள் நிரந்தரமாகத் தங்கிவிடும். பாட்டில் கண்ணாடிக்கு இந்த இழுபறி தளரும் சூடு 550 டிகிரி வாக்கில். அந்தச் சூட்டில் நிறுத்தி, உள்ளும் வெளியும் சமமானபின் ஒன்றாக இறங்கச் செய்வதே வேலை.

வேலை தொடங்கும் முன்பே சூளை 520 முதல் 550 வரை நிற்க வேண்டும். கடைசிப் பொருள் உள்ளே போனபின் கணக்கு ஆரம்பம். சுவர் 4 அல்லது 5 மி.மீ., அடி 10 மி.மீ. வரை உள்ள டம்ளருக்கு: 550-ல் 1 மணி நேரம், பிறகு மணிக்கு 40 டிகிரி வீதம் 450 வரை, அதன்பின் மணிக்கு 80 வீதம் 300 வரை, பின்னர் அணைத்துக் கதவை மூடியே வைக்கவும். அடி 25 மி.மீ. தடித்த ஜாடியென்றால் 4 மணி நேரம் நிறுத்தி, மணிக்கு 15 டிகிரி வீதம் 430 வரை இறக்குங்கள். தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு என்பது தோராயக் கணக்கு. சூளையில் பல அளவுப் பொருள் இருந்தால் மிகத் தடித்ததற்கு வேண்டிய நேரத்தையே எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும்.

சூளை 50 டிகிரிக்குக் கீழே வரும்வரை கதவைத் திறக்காதீர்கள். எப்படி வந்திருக்கிறது பார்ப்போம் என்று 150 டிகிரியில் ஒரு விரற்கடை திறந்ததிலேயே ஒரு நாள் உழைப்பு முழுக்கப் போயிருக்கும்.

இழுபறி மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. எல்சிடி கணினித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸைக் கண்முன் பிடித்துத் திரை கறுக்கும்வரை சுழற்றுங்கள். நடுவில் டம்ளரைக் காட்டுங்கள். நன்றாக ஆறிய டம்ளர் இருட்டாகவே தெரியும். வெளிச்சத் திட்டு, அதுவும் அடி ஓரத்தில் வளையமாகத் தெரிந்தால், இழுபறி இருக்கிறது. உடையாமல் இருந்தால் மறுபடி சூளையில் வைத்து, மணிக்கு 50 டிகிரி வீதம் 550 வரை ஏற்றித் திரும்ப ஆற்றலாம்.

உடைந்துவிட்டால் துண்டைத் தூக்கிப்போடும் முன் விரிசலைப் பாருங்கள். விரிசல் ஓரம் உருண்டு மழுங்கியிருந்தால் வேலை நடக்கும்போதே விரிந்து, பிறகு சூட்டில் உருகியிருக்கிறது. கத்தி போலக் கூராக இருந்தால் ஆறும்போதோ ஆறியபின்போ உடைந்தது. ஒரு புள்ளியிலிருந்து கிளைத்தால் அங்கே கல்லோ அலுமினிய மணியோ இருக்கும், தரம் பிரித்தவரின் வேலை அது. நிறம் மாறும் கோட்டோடு ஓடினால் இரண்டு கண்ணாடி ஒத்துப்போகவில்லை. அடி மட்டும் வட்டமாகக் கழன்று விழுந்தால், அடியின் தடிமனுக்கு ஆற்றிய நேரம் போதவில்லை, அல்லது போன்தேயில் நிற்கும்போதே அடி குளிர்ந்துவிட்டது.

வீட்டில் வைத்துக்கொள்பவருக்கு

தடித்த டம்ளர் சூட்டைத் தாங்கும் என்பது தவறான நம்பிக்கை. தடிமன் கூடக் கூட உட்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் சூட்டு வித்தியாசம் கூடும். கொதிக்கும் காப்பியையோ ரசத்தையோ இதில் ஊற்ற வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் வெந்நீர் காட்டவும் வேண்டாம். மைக்ரோவேவும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் இதற்கு இல்லை. மோர், பானகம், எலுமிச்சைச் சாறு, ஐஸ் தண்ணீர் எல்லாம் தாராளமாக.

வாங்கும்போது அடியில் போன்தேத் தழும்பு இருக்கிறதா, விளிம்பு உருண்டிருக்கிறதா, பக்கவாட்டில் அச்சின் தையல்கோடு இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அச்சில் ஊதியதிலும் குழலைச் சுற்றியபடி ஊதியிருந்தால் கோடு மறைந்திருக்கும். குமிழியும் இளநீலமும் மட்டும் பாட்டில் கண்ணாடிக்குச் சாட்சி ஆகா. புது மணல் கலவையிலும் இரண்டையும் வரவழைக்கலாம். எந்தப் பாட்டிலை உருக்கினீர்கள் என்று விற்பவரைக் கேளுங்கள். பாட்டிலை உருக்குபவர் எந்த நிறம் எந்தப் பாட்டிலிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்.

விளிம்பில் நெல்முனை அளவு சில்லு போனால் 220 எண் நீர் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, பிறகு 400, 600 என்று மென்மையாக்கலாம். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கட்டும், உலர்ந்த தூள் பறக்கக் கூடாது. சில்லிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு சுவரில் இறங்கியிருந்தால் தேய்க்க வேண்டாம். அதைக் குடிக்கப் பயன்படுத்தாமல், பட்டறையின் துண்டுப் பெட்டிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எந்தக் கண்ணாடி என்று ஒரு சீட்டு எழுதி வைத்து.